வேகம் குறைக்கும் பொத்தான்

கோகுலராஜ் எழுந்தான். பல் விளக்கினான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். ஒரு கோப்பை எடுத்தான். கோப்பி கலக்கி நின்றுகொண்டே குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். காய்ந்த துணிகளை எடுத்து, மடிக்காமல் நாற்காலியில் போட்டான். சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. இருந்தாலும் இதே வரிசைதான். சட்டை மட்டும் மாறும்.

பிறகு வெளியே வந்து, கார் மேல் கிடந்த உறையை உருவினான்.

அது அவன் மனைவி ஜனகாவின் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, அவளைவிடக் கொஞ்சம்தான் இளையது. நியாலாஸ் பக்கத்தில் ஒரு தோட்ட மேனேஜரிடம் வாங்கினாள். அப்போது டேஷ்போர்டில் இருந்தது கொஞ்சம்தான். ஜனகா பல் டாக்டர். சின்ன ஓட்டையில் சின்னக் கருவியை விட்டுப் பழகிய கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. எண்ணெய்ச் சூட்டுக்கு ஒரு மீட்டர், பேட்டரிக்கு ஒரு மீட்டர், எதற்கென்றே தெரியாத இன்னொரு மீட்டர். இருக்கைகளுக்கு நடுவில் ஒரு கொழுத்த பெட்டி கட்டி, அதில் வரிசையாகச் சுவிட்சுகள், நீல விளக்குகள், கோப்பை வளையம், போனைப் பிடிக்க ஒரு கை எல்லாம் வைத்தாள். அவள் ஓட்டும்போது அத்தனையும் அவள் பேச்சைக் கேட்டன. போன மாதம் இவன் சாவியைத் திருப்பியதும் எல்லாம் ஒன்றாக மின்னின; ஏதோ ஒன்று விடாமல் கத்தியது. எது கத்துகிறது என்று தெரியாமல் இறங்கிவிட்டான்.

அவனுக்கு வேகம் தெரிந்தால் போதும். பெட்ரோலும் எஞ்சின் சூடும் தெரிந்தால் போதும். மற்றதைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தான்.

பக்கத்து வீட்டு வடிவேலு, லாரி ஓட்டுகிறவர், பல் குச்சியோடு வேலியில் சாய்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, ஏரோப்ளேனப் பிரிக்கிறியா? இறக்கைய எங்க வச்சிருக்க?"

"பின் ரூம்ல இருக்குண்ணே. நீங்க தொட்டுடாதீங்க."

வடிவேலு பல் குச்சியை எறிந்தார். இந்தப் பையன் வாயிலிருந்து பதில் கிண்டல் வந்து எத்தனையோ மாதம். அதை மனைவியிடம் சொல்லவேண்டும் என்று உடனே உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் கஜலட்சுமி மாமி வந்தார், புட்டும் சம்பலும் எடுத்துக்கொண்டு. ஜனகாவின் தாய். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருவார். சில வாரம் கேட்பார். சில வாரம் கேட்காமல் திரும்ப எடுத்துப் போய்விடுவார்.

"தம்பி, அவள் கடைசியா என்ன சொன்னவள்?"

ஜனகாவின் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது கோகுல் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பதிலை முடிவு செய்து வைத்திருந்தார்கள். 'அம்மா' என்றாள் என்று பாதிப்பேர்; 'முருகா' என்றாள் என்று மீதிப்பேர். இவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மாமிக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்துபோவான். உண்மையான பதில் அவ்வளவு அற்பமாக இருந்தது. இத்தனை மாதமாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும் தாயிடம் அதைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று மாமி கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவனிடமிருந்த காலி ஐஸ்கிரீம் டப்பாவை வாங்கி, அவன் கழற்றித் தந்த திருகாணிகளை நீளம் பார்த்துப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு விளக்கு வெளியே வரும்போதும் அதன் வரலாறு சொன்னார். இது பினாங்கில் வாங்கியது. இது தீபாவளிக்கு முதல் நாள் மாட்டியது, அன்றைக்கு முறுக்குப் பிழிய ஆள் இல்லாமல் போனது. கோகுலுக்குச் சிரிப்பு வந்தது. மீட்டர்கள் போயின. வளையம் போனது. கொழுத்த பெட்டி முனகிக்கொண்டு பெயர்ந்து வந்தது. அடியில் கம்பெனி வைத்த பழைய கறுப்பு, தூசியைத் துடைத்தால் பளிச்சென்று இருந்தது. இவ்வளவு இடம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

இடது இருக்கைக்கு முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான் மிச்சம் இருந்தது. அவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் மாமி கையை நீட்டித் தடுத்தார்.

"அதை மட்டும் விடுங்கோ தம்பி. அது என்ரை."

கோகுல் அந்தப் பொத்தானைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு இருக்கைக் கார். மாமி ஏறினால் அவனுக்கு இடம் கிடையாது. மாமி விளக்கினார். ஜனகா காற்றாகப் பறப்பாள். மாமி இருக்கையைப் பிடித்துக்கொள்வார். ஏறமாட்டேன் என்று மாமி ஒருநாள் சொல்லிவிட்டதும் அவள் இதை மாட்டித் தந்தாள். பயம் வரும்போது அழுத்தினால் வேகம் தானாகக் குறையும். ஒருநாளும் குறையாமல் இருந்ததில்லையாம்.

அப்படி ஒரு கருவி உண்டா? மாமி கை கழுவ உள்ளே போனதும் கோகுல் பொத்தானின் பின்னால் போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனான். அது விரிப்புக்கு அடியில் ஓடி, பெட்டி இருந்த இடத்தைக் கடந்து, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் மேலே ஏறியது. அங்கே பயறளவு மஞ்சள் பல்பு. அதோடு முடிந்தது. பிரேக்குக்கும் போகவில்லை, எஞ்சினுக்கும் போகவில்லை. தாய் அழுத்தினால் மகளுக்கு விளக்கு எரியும்; மகள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்குவாள்.

காருக்குள் தலைகீழாகப் படுத்தபடி கோகுல் தனியாகச் சிரித்தான். கம்பியைப் பழைய வழியிலேயே ஓட்டி ஒளித்தான். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

திறந்து கிடந்த ஓட்டைகளை ஒரே தகட்டால் மூடினான். இப்போது நடுவில் ரேடியோவும், அபாய விளக்குச் சுவிட்சும், காற்றுக்கான திருகும் மட்டும். சாவியைத் திருப்பினான். எதுவும் கத்தவில்லை. எஞ்சின் சத்தம் முதல்தடவையாகக் காதில் விழுந்தது. நல்ல சத்தம்.

"மாமி, செர்காம் கடற்கரைக்குப் போய் மீன் சாப்பிடலாமா?"

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். வடிவேலு வேலிக்கு வந்து, வானத்தில் பார்த்துப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

ஜாசினைத் தாண்டியதும் கூரையைத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். கோகுல் கொஞ்சம் வேகம் கூட்டினான். மஞ்சள் பல்பு எரிந்தது, காலைத் தூக்கினான். மாமி திருப்தியாக மடியில் கை கோத்துக்கொண்டார். மறுபடி வேகம் கூட்டினான், மறுபடி எரிந்தது. இந்த விளையாட்டு அவனுக்குப் பிடித்துப்போனது. ஜனகாவின் இடத்தில் உட்கார்ந்து ஜனகாவின் பொய்யைச் சொல்லிக்கொண்டு போவதில் பல மாதமாக இல்லாத ஒரு குறுகுறுப்பு.

மெர்லிமாவ் சாலைக்குத் திரும்பியதும் வெயில் நேராக டேஷ்போர்டில் இறங்கியது. மாமி பொத்தானை அழுத்தினார். கார் பறந்தது. மறுபடி அழுத்தினார். கார் பறந்தது. காற்றில் மாமியின் கொண்டை அவிழ்ந்தது.

"தம்பி," என்றார் மாமி, "வெயிலுக்கை விளக்குத் தெரியேல்லையோ?"

கோகுல் வேகத்தைக் குறைத்து, ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டான்.

"உங்களுக்குத் தெரியுமா மாமி?"

முதல் வாரமே தெரியும் என்றார் மாமி. அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் மகளின் முழங்கால் உயர்ந்தால் கண் தெரிகிற யாருக்கும் விளங்காதா? ஆனால் தாயை ஏமாற்றுகிறோம் என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பாள்; அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே, பயம் இல்லாத இடத்திலும் அழுத்தியிருக்கிறார்.

"எனக்கு அவள் இருந்த மாதிரியே வேணும் தம்பி. சனம் திருத்தின பிள்ளை வேண்டாம். இப்பவாவது சொல்லுங்கோ."

எழுந்துபோய்க் கொண்டுவர இங்கே தண்ணீர் இல்லை. கோகுல் சொன்னான். அவள் அம்மாவையும் கூப்பிடவில்லை, சாமியையும் கூப்பிடவில்லை. தலைவலி என்று அவளை அவன்தான் இந்தக் காரில் கூட்டிப்போனான். சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளும்போது அவள் திரும்பி அவனை ஒரு வேலைக்கு அனுப்பினாள். அவன் அதைச் செய்துவிட்டு வருவதற்குள் அவளுக்கு நினைவு போய்விட்டது. அந்த வேலை காரைப் பற்றியது. அவ்வளவுதான்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவன் பயந்து திரும்பினால், கண்ணில் நீர் வழிய மாமி சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் என் பிள்ளை, அதுதான் அவள் என்று அவன் தொடையில் தட்டினார். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு மலாய்ப் பையன்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே, அவளுடைய அதட்டலோடு சொல்லவேண்டும் என்றார். கோகுல் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். சொன்னான்:

"கோகுல், காடிய வெயில்ல விட்டுட்டு வந்துட்டல்ல? டேஷ்போர்டு வெடிச்சுப் போயிரும்லா. போய் நெழல்ல போட்டுட்டு வா, போ."