பொம்மை கரையில் இருக்கிறது

ஹனீபா பாய் போனில் கத்தியபோது என் கையில் டீ கிளாஸ் இருந்தது.

"தம்பி, பொம்மையக் கட்டிப்போடத் தெரியாதா ஒங்களுக்கு? ராத்திரி அவுந்து வந்து என் திருக்கை வலையில சுத்திக்கிட்டுக் கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க. பொழப்புக் கெடுது."

"சரி பாய், வாரேன்" என்று சொல்லி வைக்கப்போனேன். அப்போதுதான் மீன் ஏலக் கொட்டகையைப் பார்த்தேன். அங்கே அவர் மனைவி ரோஷன் பேகம், பொம்மையின் முதுகில் ஒரு காலைப் போட்டு உட்கார்ந்து, கிழிந்த துடுப்பைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

அது கடல்பசுப் பொம்மை. உரச்சாக்கும் பழைய தார்ப்பாயும் வைத்துத் தைத்தது. உள்ளே ஈர மணலும் தெர்மாகோலும். ஒரு வாரமாக நாங்கள் ஆறு பேரும் அதைக் கடலில் போட்டு, வலையில் சிக்கவைத்து, விடுவித்துப் பழகிக்கொண்டிருந்தோம். வனவுயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு வந்து சில வருடங்களே ஆனவர்களை உலகத்தின் பல இடங்களிலிருந்து எடுத்து, ஒரு வருடம் கூடவே இருந்து பழக்கும் திட்டம் அது. பாதி நாள் கணினித் திரையில் நடக்கும். மீதி நாள் யாராவது ஒருவருடைய ஊரில். இந்த முறை என் ஊர், கோட்டைப்பட்டினம். செலினா மொசாம்பிக்கிலிருந்து வந்திருந்தாள். அவள் கடலிலும் கடல்பசு உண்டு. தியேகோ பெரு நாட்டின் மலைக்கழுகுகளைப் பார்ப்பவன். அவனுக்கு நீந்தத் தெரியும், கடல் தெரியாது. ஹனீபா பாய் முதல் நாளே அவனைத் தியாகு ஆக்கிவிட்டார்.

பொம்மைக்கு ரோஷன் பேகம் வைத்த பெயர் மருமக. "தின்னுட்டுப் படுத்துக் கெடக்கு. தூக்கிக்கிட்டுத் திரிய ஆறு ஆளு" என்பார்.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாளும் ஒருவர் தலைவர். அவர் கழுத்தில் ஆரஞ்சு நிற விசில் தொங்கும். தலைவர் தண்ணீரில் இறங்கக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது. படகின் முன்பக்கம் உட்கார்ந்து விலங்கின் மூக்கை மட்டும் பார்க்க வேண்டும். கடல்பசு மீன் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலை பிடித்துவைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். மூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று தலைவருக்குத் தெரிந்ததும் விசில் ஊதுவார். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்குவார்கள்.

என் முறை வந்தபோதெல்லாம் விசிலைச் செலினாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கி மாட்டிக்கொள்வாள். என் மனைவி இலக்கியா போன ஐப்பசியில் இறந்தாள். டெங்கு. ஆஸ்பத்திரியில் கடைசியில் நான் செய்ததெல்லாம் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

"பாய், வைக்காதீங்க. அது எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டேன்.

"எப்படி இருக்கும், சாக்கு மாதிரி இருக்கு. பழுப்பா."

"அசையுதா?"

"அலைக்கு அசையுது."

"மூஞ்சிப் பக்கம் போய்ப் பாருங்க."

அவர் முனகிக்கொண்டே இன்ஜினை அணைப்பது கேட்டது. அன்று விசைப்படகுகள் போகாத நாள். கடலில் வேறு சத்தமே இல்லை. அந்த அமைதியில், சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல ஒரு சத்தம் போன் வழியாக வந்தது. புஸ்.

யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோலப் பாய் கேட்டார்.

"தம்பி, பொம்மைக்கு மீசை வச்சீங்களா?"

"இல்ல பாய்."

"இதுக்கு இருக்கு."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். செலினா கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த விசிலை எடுத்து என் கழுத்தில் போட்டாள். "இன்னிக்கு நீ" என்றாள். இங்கே வந்து கற்ற தமிழ். கழற்றி அவளிடமே நீட்டினேன். ஆனால் அவள் ஒரு கையில் கத்தியும் மறு கையில் கயிறும் எடுத்திருந்தாள். வாங்க அவளிடம் கை இல்லை.

"என்னா தம்பி, மருமகள விட்டுட்டு ஓடுறீங்க?" என்றார் ரோஷன் பேகம்.

"நெசமானதே மாட்டிருக்குக்கா. பாய் வலையில."

அவர் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்தார். "அந்த மனுசன் வலையப் பாத்துக்கிட்டு நிப்பாரு, அது செத்தே போயிரும். வெட்டச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நாங்கள் மூவர் மட்டும் ஏற முடிந்த சின்ன ஃபைபர் படகு அலையில் குதித்துக் குதித்து விழுந்தது. தியேகோ சிரித்துக்கொண்டே இருந்தான், பயத்தில். பல மாதங்களாக என் உடம்பில் எதுவும் நடக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அறிக்கை எழுதினேன். இப்போது நெஞ்சு அடிப்பது காதிலேயே கேட்டது.

பொம்மை எங்களுக்கு ஒன்றையும் சொல்லித்தரவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. இது பாயின் வள்ளத்தில் பாதி நீளம். வால் ஒரு அடி அடித்தால் படகு ஒதுங்குகிறது. வலை வாலைச் சுற்றி, ஒரு துடுப்பைச் சுற்றி, மார்பு வரை இறுகியிருந்தது. ஹனீபா பாய் வள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, அதன் தாடைக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்திருந்தார். ஒரு வாரமாக எங்களைக் கிண்டல் செய்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர்.

செலினாவும் தியேகோவும் இறங்கினார்கள். இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "தியாகு, வாலு பக்கம் போவாத, இங்கிட்டு வா இங்கிட்டு" என்று பாய் கத்தினார். மூன்று மொழியில் சத்தம். மூக்கு தண்ணீருக்குள் போயிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

எல்லாக் கைகளும் ஒன்றாகத் தூக்கின. மூக்கின் இரண்டு மூடிகளும் திறந்தன. புஸ். அந்த மூச்சு என் முகத்தில் தெறித்தது. வெதுவெதுப்பாக, அறுத்த புல்லின் வாசனையோடு.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. நான் ஊதினால் தூக்கினார்கள். இறக்கினால் செலினா வாலில் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். நான் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. அடுத்தது எப்போது வரவேண்டும், கொஞ்சம் தாமதமானால் அது எந்தத் தாமதம் என்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

வால் விடுபட்டது. தியேகோ கையை உயர்த்தினான். நான் ஊதினேன். தூக்கினார்கள். மூக்கு வெளியே வந்தது.

திறக்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அலை வள்ளத்தில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு இப்படி நிற்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பார்ப்பதைத் தவிர அங்கே செய்ய எதுவும் இல்லை. இங்கே இருந்தது. வலையின் மேல்கயிறு அதன் மார்பில் புதைந்திருந்தது.

"பாய், மேல்கயிற வெட்டணும்."

"கயிறா? கயிறு போனா மொத்த வலையும் போச்சு தம்பி. புது வலை."

"அக்கா வெட்டச் சொன்னாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ சொன்னாளா?"

"அவங்க சொன்னதாச் சொல்லச் சொன்னாங்க."

"அப்ப வெட்டுங்க. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவணும்ல." சொல்லிவிட்டு, செலினா வருவதற்குள் அவரே இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். கயிறு இரண்டு இழுப்பில் அறுந்தது. மார்பு விரிந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு பெரிய மார்பு.

புஸ்.

பாயின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடல்பசு கொஞ்ச நேரம் கைகளின் மேலேயே கிடந்தது. தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டதுபோல. பிறகு முதுகு ஒருமுறை வளைந்தது. கைகளுக்கிடையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

செலினாவும் தியேகோவும் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். கலங்கிய இடத்தில் கடல்புல் துணுக்குகள் சுற்றின. பாயின் போன் அடித்தது. ரோஷன் பேகமாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டையாக, வெள்ளையாக வெயில் கிடந்தது. எங்கும் ஒன்றுமில்லை. அடுத்த மூச்சுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. விசில் இன்னும் என் பற்களுக்கிடையில் இருந்தது.

தூரத்தில், கிழக்கே, ஒரு சின்னப் புகைபோலத் தண்ணீர் எழுந்தது. விசில் சத்தம் கேட்டது. ஊதியது நான்தான்.

பழக்கத்தில் செலினா கைகளைத் தூக்கினாள். தியேகோ தூக்கினான். ஹனீபா பாயும் தூக்கினார். ஒன்றும் இல்லாத அந்த ஆறு கைகளிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.