பதிமூன்று புள்ளி ஒன்று

கண்ணாயிரத்தின் போன் வந்தபோது பிரிசில்லாவின் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்ததா, மருந்துச் சீட்டு இருந்ததா என்பது நிச்சயமில்லை. பின்னாளில் அவளே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். கஞ்சி என்றே வைத்துக்கொள்ளலாம். ஜெபசிங் அன்று மூன்று கரண்டிதான் குடித்தார் என்பது மட்டும் அவளுக்கு மாறாமல் நினைவிருக்கிறது. நான்காவது கரண்டியை அவர் உதட்டருகே கொண்டுபோகும்போது போன் அடித்தது.

"தங்கச்சி, அண்ணன் பக்கத்துல கீறாரா?"

"கீறாரு. குடுக்கட்டா?"

"வாணாம். நீ கொஞ்சம் வெளிய வா."

அவள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாயிரம் அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். அவள் புருஷன் ஜெபசிங்குக்குப் பதினெட்டு வருஷமாக அவர் ஒருவர்தான் கூட்டாளி. எங்கோ தொலைதூரத்து கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, புது சூப்பர்நோவா என்று செய்தி வந்தால் போதும். இவர் திருக்கழுக்குன்றம் ரோட்டில் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்தும், அவர் தன் பம்புசெட் கொட்டகை மேலிருந்தும் பார்த்து, அதன் வெளிச்சம் இன்றைக்கு எவ்வளவு என்று கணித்து, இதையெல்லாம் சேர்த்துவைக்கும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவார்கள். இப்படி அனுப்புகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஜெபசிங், தன் பெயரில் தப்பான அளவு ஒன்றுகூடப் போனதில்லை என்பதைத் தான் கட்டிய வீட்டைவிடப் பெரிதாக நினைத்திருந்தார்.

"நானு அறுப்புல மாட்டிக்கினேன்," என்றார் கண்ணாயிரம். "இருவது நாளா மேல நிமிந்து பாக்கல. இன்னிக்கிதான் எல்லாரு நம்பரும் எடுத்துப் பாத்தேன். அது பதினாலத் தாண்டிப் போயி கீது தங்கச்சி. அண்ணன் நம்பரு மட்டும் பதிமூணு புள்ளி ஒண்ணுலயே நிக்குது. பதினோரு நாளா."

எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு என்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். அந்தப் பதினோரு சாயங்காலமும் மாடி ஏறியது அவள்தான். ஜெபசிங்கால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் போனபின், அவர் அச்செடுத்துக் கொடுத்த நட்சத்திரப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து அவள் எண்ணைச் சொல்வாள். அவர் படுத்தபடியே போனில் அடித்து அனுப்புவார்.

"படத்த எப்பிடிப் புட்சிக்கினு பாத்த?"

"தலகீழாத்தான். டெலஸ்கோப்புல எல்லாம் தலகீழாத் தெரியும், பேப்பரத் திருப்பிப் புடின்னு காலம் பூரா சொல்லிகினு இருந்தாரே."

"அதுல மேல வடக்குன்னு கீதா, தெக்குன்னு கீதா பாரு."

அவள் உள்ளே போய் எடுத்துவந்தாள். தாளின் மேல்முனையில், வழக்கமாக வடக்கு இருக்கும் இடத்தில், தெற்கு என்று இருந்தது. அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர் தலைகீழாகவே அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். சொல்ல மறந்துவிட்டார். அவள் அவர் சொல்லை மீறாமல் இன்னொரு தடவை திருப்பியிருக்கிறாள். புகைபோல் தெரியும் அந்த கேலக்ஸியின் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் பார்க்கவேண்டியதை அந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள். அங்கேயும் ஒரு நட்சத்திரம் இருந்தது. எதுவும் ஆகாத, வெறும் நட்சத்திரம்.

"அந்தத் தப்பு நம்பரெல்லாம் அவருதான் எடுத்துடணும்," என்றார் கண்ணாயிரம். "அவரு போன்லருந்து, அவரு பேர்ல. நானு கேட்டா எடுக்க மாட்டாங்க. இன்னிக்கே சொல்லிடு தங்கச்சி."

"எப்டிண்ணா சொல்றது?"

அந்த முனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு போன் நின்றுவிட்டது.

அவள் உள்ளே வந்தபோது சாலமோன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஜெபசிங்கின் தம்பி. மாமல்லபுரத்தில் வேன் ஓட்டுகிறான். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நாளிலிருந்து சவாரிகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இங்கேயே கிடந்தான்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் உன் ஆளு மங்கலியா?"

"மங்கல," என்றார் ஜெபசிங். குரல் காற்றாக வந்தது. "வெடிச்சதுன்னா நாளுக்கு நாள் மங்கணும். இது அடங்க மாட்டேங்குது."

"ஆறு கோடி வருசத்துக்கு மின்னாடி வெடிச்சதுக்கு நீ கணக்கு எழுதினு கீற. உன் வூட்டு மோட்டாரு வெடிச்சு மூணு நாளாவுது. நாந்தான் கொடத்துல தண்ணி தூக்கினு கீறேன்."

ஜெபசிங் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. பிரிசில்லா அவர் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். இந்தப் பதினோரு நாளும் அவர் கஞ்சி குடித்தது, சவரம் செய்துகொண்டது, ஓசூரில் வேலையிலிருக்கும் மகன் ஆல்வினிடம் போனில், "இது வேற மாதிரி கீதுடா, யாரும் பாக்காதது," என்று பேசியது எல்லாமே அந்த ஒரு எண்ணை நம்பித்தான். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர் பார்க்கவே மாட்டார். அடுத்தவன் எண்ணைப் பார்த்தால் நம் கண் அதற்கேற்பப் பார்க்கும் என்பார்.

"நேரமாச்சு," என்றார். "மேல போ பிரிசி."

மாடியில் அப்போதுதான் இருட்டியிருந்தது. கிழக்கே கடற்கரை ரிசார்ட்டுகளின் வெளிச்சம் வானத்தின் அடியை வெளுப்பாக்கியிருந்தது. தலைக்கு மேலே பரவாயில்லை. அவள் தார்ப்பாயை எடுத்துவிட்டு, பழகிய இடத்துக்குக் டெலஸ்கோப் குழாயைத் திருப்பினாள். முக்கோணமாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். அவற்றின் எண்கள் அவளுக்கு மனப்பாடம். அதற்குச் சற்றுத் தள்ளி அந்தப் புகை. இம்முறை தாளைத் திருப்பாமல், எப்படி அச்சிட்டிருந்ததோ அப்படியே பிடித்தாள்.

படத்தில் குறியிட்டிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். மங்கலானதை நேராகப் பார்க்கக் கூடாது, ஓரக்கண்ணால்தான் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கருப்புதான் இருந்தது. இந்தக் குழாய்க்கு எட்டாத அளவுக்கு அது போய்விட்டிருந்தது. பதினோரு நாளில் ஒரு நாள் கூட அவள் அதைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. மறுபக்கத்தில் அந்த வெறும் நட்சத்திரம் நேற்று இருந்ததுபோலவே இருந்தது.

கீழே இறங்கினாள். சாலமோன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான்.

"எவ்ளோ?"

"தெரியலைங்க."

"மேகமா?"

"மேகம் இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் பேப்பரத் திருப்பிட்டேன். பதினோரு நாளா வேற ஒண்ணப் பாத்துகினு இருந்திருக்கேன். கண்ணாயிரம் அண்ணன் போன் பண்ணாரு. அது எப்பவோ மங்கிடுச்சாம்."

ஜெபசிங் மேலே பார்த்தபடி கிடந்தார். மின்விசிறியின் நடுவில் ஒரு திருகு கழன்று கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. கால் வலித்தபோது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே குடம் நிறையும் சத்தம் ஏறி ஏறி வந்து நின்றது. அடுத்த குடம் நிறையத் தொடங்கியது.

"நான் திருப்பியே பிரிண்ட் எடுத்தேன்," என்றார் கடைசியில்.

"ம்."

"உன்கிட்ட சொல்லல."

"ம்."

"நோட்ட எடு. இன்னிக்கு தேதி போட்டு, தெரியலன்னு எழுது. தெரியலன்னாலும் எழுதணும்."

எழுதினாள்.

"போன் குடு. அந்தப் பதினொண்ணையும் எடுத்துடணும்."

விரலை வைத்துத் திறந்தார். அதற்குமேல் முடியவில்லை. போன் நெஞ்சில் சரிந்தது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடி சரிந்தது. எழுத்து எதுவும் தெரியவில்லை என்றார். "நான் அடிக்கிறேன், எங்க அமுக்கணும் சொல்லுங்க," என்றாள். அவர் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது.

"காலையில பாத்துக்கலாம்," என்றாள் பிரிசில்லா. "இப்ப தூங்குங்க."

சரி என்பதுபோல் அவர் கண்ணை மூடினார். அவள் போனை வாங்கி, அலமாரியில் பைபிள் மேல் வைத்தாள். 

விடிவதற்குச் சற்று முன்பு, பால்காரரின் வண்டி தெருவுக்குள் திரும்பிய நேரத்தில், ஜெபசிங் இறந்துபோனார்.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஐஸ் பெட்டி வந்தது. சாலமோனும் சபைக்காரர்கள் இருவரும் குளிப்பாட்டி, கல்யாணத்துக்குத் தைத்து இடுப்பில் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கிய கோட்டைப் போட்டு, கைகளில் வெள்ளை உறை மாட்டி, நெஞ்சின்மேல் மடக்கி வைத்தார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டு, நாலு மணிக்கு எடுப்பதாகச் சொல்லிப் போனார். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாயிரம் பைக்கில் வந்து, மாலையைப் போட்டுவிட்டு, ஷாமியானாவின் ஓரத்தில் நின்றார். பிரிசில்லா எழுந்து அவரிடம் போனாள்.

"சொல்லிட்டியா தங்கச்சி?"

"சொன்னேன். எடுக்கறதுக்குள்ள..." அவள் நிறுத்தினாள். "நாந்தான் காலையில பாத்துக்கலாம்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன் தொறந்தா நானு எடுத்துடுவேன். அவரு பேர்லருந்து போன மாதிரிதான் இருக்கும்."

மதியம் வந்து சேர்ந்த ஆல்வின் எண்களைப் போட்டுப் பார்த்தான். அப்பா பிறந்த வருஷம், கல்யாண தேதி, தான் பிறந்த வருஷம். எதுவும் சரியில்லை. "இதுக்கு மேல தப்பாப் போட்டா பூட்டிக்கும்மா," என்றான். "விட்டுடேன். இப்ப போயி இது எதுக்கு?"

சாலமோன் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, வெரல வெச்சா தொறக்கும்ல?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிசில்லா மகன் கையிலிருந்து போனை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியருகே போய், கண்ணாடி மூடியைத் தூக்கச் சொன்னாள். சாலமோன் தூக்கிப் பிடித்தான். குளிர் முகத்தில் அடித்தது.

வலது கையின் உறையைக் கழற்ற முயன்றாள். விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொரு விரலாக நுனியைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். ஆய்வகத்தில் ஏதோ அமிலம் பட்டுக் கருத்த கட்டைவிரல். அதை முந்தானைக்குள் போனின்மேல் வைத்து அழுத்தினாள்.

பாட்டு நின்றது. "பாவம், கையப் புட்சிக்கினு கீது பாரு," என்று யாரோ சொன்னார்கள். பின்னால் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அதைக் கேட்டு மற்றவர்களும் அழுதார்கள்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. மீண்டும் முயலவும் என்றது. அவள் விரலைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள். போன் அதிர்ந்தது. மறுபடியும். அதன்பின் அது விரலைக் கேட்பதை நிறுத்திவிட்டு, எண்ணைக் கேட்டது.

"போதும் அண்ணி," என்றான் சாலமோன். "கை மரத்துப் போவுது. போதும்."

உறையை மறுபடி மாட்டப் பார்த்தாள். விரல்கள் உறைக்குள் சரியாகப் போகவில்லை. சுண்டுவிரலின் துணி காலியாக மடிந்து கிடந்தது. அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். 

நாலு மணிக்கு என்றது நாலரை ஆயிற்று. கல்லறையில் பாஸ்டர் சுருக்கமாகத்தான் பேசினார். 

ஆல்வின் எட்டாம் நாள் ஓசூர் போய்விட்டான். பிறகு கல்யாணமாகி அங்கேயே இருக்கிறான். சாலமோன் வேனை விற்றுவிட்டு, இப்போது ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறான். பிரிசில்லா பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலையில் இன்னும் இரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றாள். அந்த வீட்டில்தான் இருக்கிறாள். டெலஸ்கோப் கண்ணாயிரத்திடம் இருக்கிறது. அவர் அந்தப் பதினொன்றைப் பற்றிச் சங்கத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டார். அளந்தவர் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதனால் அவை அப்படியே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சங்கத்தின் இணையதளத்தில் அந்த நட்சத்திரத்தின் வெளிச்ச வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம். பல தேசத்துக்காரர்கள் வைத்த புள்ளிகள் நாளுக்கு நாள் சரிந்து கீழே போகின்றன. அவற்றுக்கு மேலே, ஜெபசிங்கின் பெயரில், பதினோரு புள்ளிகள் ஒரே கோடாக நிற்கின்றன.