கப்பாஸ் குறைத்த இரண்டு புள்ளி

"மூணாவது பகுதி சொல்லுங்க." வானொலிப் பொத்தானை நான்காம் முறையாக அமுக்கினாள் பாகிலா. பதில் இல்லை.

கோபுரத்துக் கண்ணாடிக்கு அப்பால், ஓடுபாதையின் கடைசிப் பகுதி தொடங்குகிற இடத்தில், அப்பாவின் மஞ்சள் வண்டி விளக்கைச் சுழலவிட்டபடி நின்றிருந்தது. விமானம் வருமுன் அளவுச் சக்கரத்தை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய், உறைந்த பாதையில் டயருக்கு எவ்வளவு பிடி கிடைக்கும் என்று மூன்று பகுதியாக அளந்து சொல்வது அப்பா கப்பாஸின் வேலை. முதல் பகுதி முப்பத்தேழு என்றார். நடுப்பகுதி முப்பத்தைந்து என்றவர், "உன் தம்பிகிட்ட சொல்லு, இதுக்கு மேல பேரம் கிடையாது" என்று சிரித்தார். அதோடு சரி.

இன்றைய விமானத்தின் விமானி தம்பி மெய்ராம்தான். பதினேழு பயணிகள். இறங்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. பக்கத்து நகரத்து விமான நிலையத்தைப் பனிப்புயல் மூடிவிட்டது; வந்த வழியே திரும்ப எரிபொருள் போதாது.

பனி தள்ளும் விக்டர், மருத்துவ உதவியாளரை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். வானொலியில் பேசாமல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாகிலா, உக்காந்திருக்கியா?"

"சொல்லுங்கண்ணே."

"போயிட்டாரும்மா. ஸ்டீரிங்கப் பிடிச்ச கை பிடிச்சபடியே இருக்கு. நெஞ்சு நின்னு பத்து நிமிஷமாவது ஆயிருக்கும்ங்கறாங்க."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பா கடைசியாகச் சிரித்துப் பதினோரு நிமிடம்.

"மூணாவது பகுதி," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சக்கரத்த வேற வண்டிக்கு மாத்த நேரமில்ல. அவரப் பக்கத்து சீட்டுக்கு நகத்திட்டு நானே ஓட்டறேன். மனுஷன் கோவிச்சுக்க மாட்டாரு."

மஞ்சள் வண்டி மெல்ல நகர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சக்கரத்தை இன்னொருவர் கையில் கொடுக்காத மனுஷர், தன் வண்டியில் முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் போனார்.

அந்த ஊரில் செய்திக்குக் கால் கிடையாது, சறுக்குக்கட்டைதான். இரண்டாம் தொலைபேசி அடித்தது. சந்தையில் ரோமத் தொப்பி விற்கிற சித்தப்பா கென்ஜெபெக். எலும்புவரை பேரம் பேசுகிறவரின் குரலில் இன்று பேரமே இல்லை.

"பாகிலா, மெய்ராம்கிட்ட ஒரு வார்த்தை வாயத் தொறந்துடாத. பறக்கறவன் காதுல போடற செய்தியா இது? நாங்க நாலு பேரு வர்றோம். அவனக் கீழ எறக்கி, உக்கார வெச்சு, தோளப் பிடிச்சுக்கிட்டு சொல்லுவோம். அதுதான நம்ம முறை?"

"சரி சித்தப்பா."

"நீ தாங்குவியா?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

விக்டரின் அளவு வந்தது. "முப்பத்திரண்டு. பாதையக் காலி பண்ணிட்டேன்."

முப்பதுக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. முப்பத்திரண்டு போதும். ஆனால் பாகிலாவின் விரல் பொத்தான்மேலேயே நின்றது.

சந்தைக்காரர் வீட்டில் பிறந்த கப்பாஸ், சக்கரம் காட்டியதை ஒருநாளும் அப்படியே சொன்னதில்லை. எப்போதும் இரண்டு புள்ளி குறைத்தே சொல்வார். "கெட்ட ரோடுன்னு சொன்னாத்தான் பயந்து ஓட்டுவானுங்க" என்பார். மற்ற விமானிகள் நம்பினார்கள். மெய்ராம் அவர் மகனாயிற்றே! அப்பா சொன்னதோடு இரண்டைக் கூட்டித்தான் கணக்குப் போடுவான். முப்பத்திரண்டு என்றால் முப்பத்துநான்கு என்று எடுத்துக்கொள்வான். பிரேக்கைத் தாமதமாக மிதிப்பான். அந்தக் குட்டைப் பாதையின் முடிவில் பள்ளம் இருந்தது.

விக்டர் அளந்தார் என்று சொல்லலாம். அடுத்த மூச்சிலேயே "அப்பாவுக்கு என்ன?" என்பான்.

"டவர், நான் வந்துட்டே இருக்கேன்," என்றது மெய்ராமின் குரல். "மூணாவது நம்பர் என்ன? கிழவர் டீ குடிக்கப் போயிட்டாரா?"

இங்கே பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். பொய் சொன்னால் வேலை போகும்.

"முதல் பகுதி முப்பத்தேழு," என்றாள். "நடுப்பகுதி முப்பத்தைந்து. கடைசிப் பகுதி..." குறித்து வைத்த முப்பத்திரண்டைப் பார்த்தாள். "முப்பது."

மறுமுனையில் சிரிப்பு. "முப்பதா? சரியா விளிம்புல கொண்டாந்து நிறுத்திட்டாரு பாரு! சரி, புரிஞ்சுது."

சாம்பல் வானத்திலிருந்து இரண்டு விளக்குகள் இறங்கின. சக்கரங்கள் பனியைத் தொட்டு வெண்புகை கிளப்பின. முதல் பகுதி போயிற்று. நடுப்பகுதி போயிற்று. மூக்கு லேசாக இடப்பக்கம் நழுவியது; நேரானது. பாகிலா மேசையின் விளிம்பைப் பிடித்தாள். கடைசி விளக்குகளுக்கு ஒரு விமான நீளம் முன்பாக அது நின்றது.

"அக்கா," முறையெல்லாம் மறந்து கத்தினான் மெய்ராம். "அப்பாகிட்ட சொல்லு, அது முப்பத்திரண்டுதான்! ரெண்டு புள்ளி திருடினது கையும் களவுமா மாட்டிக்கிச்சுன்னு சொல்லு!"

"நிறுத்தம் இரண்டுக்கு வாங்க," என்றாள்.

"என்ன, டவர் ரொம்ப மரியாதையா பேசுது?"

விமானம் ஊர்ந்து வந்து திரும்பியது. நிறுத்தம் இரண்டின் ஓரத்தில் ரோமத் தொப்பிகளோடு நான்கு பெரியவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"அது சித்தப்பா இல்ல?" என்றான் மெய்ராம். "சந்தை நாள்ல கடைய விட்டுட்டு இங்க எதுக்கு..."

பேச்சு நின்றது. இரைச்சல் மட்டும் வந்தது. வானொலிப் பொத்தானிலிருந்து அவன் விரலை எடுக்கவில்லை என்று பாகிலாவுக்குத் தெரிந்தது. அவனுடைய மூச்சு கேட்டது.

இயந்திரங்கள் அடங்கின. பதினேழு பேரும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, பெரியவர்களைக் கடந்து, கட்டிடத்துக்குள் போனார்கள். பெரியவர்கள் நகரவில்லை. ஏணியில் மெய்ராமைக் காணவில்லை.

விமானத்தின் முன்கண்ணாடியில் துடைப்பான்கள் மட்டும் இடமும் வலமுமாகப் போய் வந்தன. பனி எப்போதோ நின்றிருந்தது.