வெள்ளம் என்றால்

புதுக்கடை பிரவுசிங் சென்டரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு இணையச் சோதனையின் முப்பது கேள்விகளுக்கும் கிளிக் செய்தேன். மவுஸ் எங்கே நின்றதோ அதுதான் பதில். கண்ணைத் திறந்தபோது திரையில் பூக்கள் வெடித்தன. உங்கள் அறிவுத்திறன் 126.

"கண்ணைத் தொறந்து படிச்சு எழுதுன எனக்கே நூத்திப் பதினெட்டுதான் மக்கா!" சென்டர்காரன் ஜெபசீலன் சிரித்தான்.

போன வாரம் இதே நாற்காலியில் தங்கச்சி பெபிஷாவை உட்கார வைத்திருந்தேன். ஆங்கிலக் கேள்விகளை எங்கள் பேச்சில் நான்தான் சொன்னேன். அவளுக்கு 124. அச்செடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியை ஞானபாய் டீச்சரின் மேசையில் போட்டேன். அங்கே ஏற்கெனவே நாகர்கோவில் டாக்டரின் ரிப்போர்ட் கிடந்தது. 58. அதை வைத்துத்தான் ஒன்பது வயசுப் பிள்ளையைத் சிறப்புப் பள்ளி விடுதிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். "கம்ப்யூட்டரை விடவா உங்க டாக்டர் பெருசு?" என்று கத்தினேன். குடும்பத்தில் முதல் டிகிரி நான். கத்தினால் செல்லும் என்று நினைப்பு.

டீச்சர் கோபப்படவில்லை. "ஒருக்கா கண்ணை மூடிட்டு அமுக்கிப் பாரு பிள்ளே" என்றார்.

பார்த்தாயிற்று.

அந்த 124 தாளுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்தது வேறொன்று. நாகர்கோவிலில் சோதனை நடந்த அறையில் நானும் இருந்தேன். மதுரைக்கார டாக்டர் மேடம் கேட்டார், "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தா என்ன செய்வே?" பெபிஷாவின் முகம் மலர்ந்தது. "குடத்துலயும் சருவத்துலயும் பிடிச்சு வைப்பேன்." எங்கள் ஊர் இனயத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை வருவது. வீட்டுக்குள்ளேயே வந்தால் வேறென்ன செய்வார்கள்? மேடம் பூஜ்யம் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாளையங்கோட்டையில் கல்லூரியின் முதல் நாள் "வெள்ளம் உண்டா?" என்று கேட்டு, வகுப்பே சிரித்த பிறகு, அந்தச் சொல்லை நாக்கிலிருந்து சுரண்டி எறிந்தவள் நான். அது எங்கள் சொல் என்று அந்த மேடத்திடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பூஜ்யம் என்னை விடவில்லை. சோற்றுத் தட்டிலும் கிணற்று வாயிலும் அதுதான் வட்டமாகத் திறந்து பார்க்கிறது.

126 வந்த மறுநாள் பெபிஷாவோடு நாகர்கோவில் போய்ச் சொல்லிவிட்டேன். மேடம் பழைய தாள்களைப் புரட்டினார்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"வெக்கமா இருந்து."

"ஒரு கேள்வியால மட்டும் அம்பத்தெட்டு வராது. ஆனா இப்படி எத்தனை போச்சுன்னு எனக்குத் தெரியாதே. நானும் திருப்பிக் கேட்டிருக்கணும்." தாளை மூடினார். "இன்னைக்கு வார்த்தையே இல்லாத சோதனை வைக்கிறேன். நீங்க வெளிய இருங்க."

பெபிஷா வாசலில் திரும்பினாள். "ஏக்கா, இதுலயும் தோத்தா என்னை ஹாஸ்டல்ல கொண்டு விடுவினுமா?"

"தோக்குததுக்கு இது என்ன கபடியா பிள்ளே? போ."

கதவு மூடியது. இத்தனை நாளும் அந்த எண் தப்பு என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். தப்பில்லை என்றால் என்ன செய்வேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கதவிலிருந்த கண்ணாடித் துண்டு வழியே பார்த்தேன். மேசையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்து மூன்றைச் சேர்த்துவிட்டாள். நான்காவதை வைக்கப் போனவள் நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். மேடத்தின் விரலுக்கடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சின்னக் கை கட்டையோடு அந்தரத்தில் நின்றது.