முகத்துவாரம்

"பால்டி! அவுர் ஏக் பால்டி லாவ்!" என்று எதிர்வீட்டுக் கபூர் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார். வடிவு கையிலிருந்த வாளியை அவரிடம் வீசினாள்.

உள்ளே கூடத்தில் அவள் அப்பா இராஜமாணிக்கம் மாலையோடு பாயில் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். அப்போது பிடித்த மழையில் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் சந்து நிரம்பி, தண்ணீர் வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே படிதான், அப்பா நனைந்துவிடுவார். கட்டிலில் தூக்கி வைக்கலாமென்றால் அம்மா கோவிந்தம்மாள் விடவில்லை. கீழே இறக்கியவரை மறுபடி ஏற்றக்கூடாதாம். இருட்டுவதற்குள் எடுத்தாகவேண்டும். சந்து முனையில், மேம்பால வேலைக்குக் கொட்டிய மணல் சரிந்து வழியை அடைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ரோடு நல்ல பள்ளம். சவ வண்டி அங்கேதான் காத்திருந்தது.

கபூரும் மற்றவர்களும் வாளியால் இறைத்தார்கள், மண்வெட்டியால் மேட்டை அள்ளினார்கள். அள்ள அள்ளச் சரிந்தது.

பார்த்துக்கொண்டே நின்ற வடிவுக்குத் திடீரென்று பொறி தட்டியது. அட, இது பழவேற்காடு! அப்பாவின் ஊர் ஏரியை டெல்லியில் பிறந்தவள் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டில் தினம் தினம் பார்த்திருக்கிறாள். சோற்றைக் கரையாகக் குவித்து, உள்ளே ரசத்தை விட்டு அப்பா ஆரம்பித்துவிடுவார்.

"இதான் ஏரி. எங்க நின்னாலும் இடுப்பளவுதான். கோடையில கடலவிடக் கரிக்கும். இந்தாண்ட ஆறு, அந்தாண்ட கடல், நடுவுல மணலு. முகத்துவாரம் மூடிக்கிச்சின்னா மீனு உள்ள வராது, மழத்தண்ணி வெளிய போவாது. ஊரே போய் வெட்டும். முழுசா அள்றவன் முட்டாளு. ஒடுங்கின எடமா பாத்து ஒரு கோடு கிழி, மீதியத் தண்ணி பாத்துக்கும்."

"கொழந்தய சாப்பிட வுடுய்யா" என்று அம்மா திட்டுவாள்.

வடிவு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "பஸ் கரோ, அங்கிள்! போதும், அள்ள வேணாம்!"

மேடு எங்கே ஒடுங்கியிருக்கிறது? சுவரோரமாக. குனிந்து இரண்டு கையாலும் கீறினாள். விரலளவு தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது. அப்புறம் கையளவு. அப்புறம் மணலே பொலபொலவென்று உதிர்ந்து வழிவிட, அவள் துள்ளி விலகினாள். தண்ணீர் தடதடவென்று ரோட்டில் பாய்ந்தது.

"ஓயே, சாபாஷ்!" கபூர் குதித்தார். சாவு வீடென்பதையே மறந்து சந்து முழுக்கக் கைதட்டியது. வடிவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படியொரு சந்தோஷம் அவளுக்கு இதற்குமுன் வந்ததேயில்லை.

ஈரக்காலோடு உள்ளே ஓடினாள்.

"அப்பா! தொறந்துகிச்சிப்பா! நீ சொன்னாப்பலயே..."

கூடத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். வடிவு மணல் அப்பிய கையோடு அப்படியே நின்றாள்.

கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்து, பாய் பக்கத்தில் இடம்விட்டாள்.

"அந்தப் பக்கத்துக் காது மந்தம்டி அவருக்கு. இப்படி வந்து சொல்லு."

வடிவு சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள்.