கட்டைவிரலில் பேசிய மகன்

செயற்கைக்கோளின் வலைக்குடை விண்ணில் விரிந்த அன்று, காலை பத்தேகாலுக்கு, தையல்காரியின் இடது கட்டைவிரலில் யாரோ ஒருவர் பால் தீர்ந்துவிட்டதா என்று மனைவியிடம் கேட்டார். தையல்காரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். தீரவில்லையாம்.

அந்த வலையைத் தைத்தவர்களில் அவளும் ஒருத்தி. தூசி புகாத கூடத்தில், தலைமுடியைவிட மெல்லிய, தங்கமுலாம் பூசிய கம்பிவலையைப் பன்னிரண்டு பெண்கள் மூன்று வருஷம் தைத்தார்கள். விரித்தால் நூறு மீட்டர் அகலம். மடக்கினால் ஒரு லாரியில் அடங்கும். வானிலை பார்க்க என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஊசி கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலில் ஏறி, ஒரு பொட்டு ரத்தம் முடிச்சொன்றில் காய்ந்தது. சொன்னால் அந்தப் பகுதியையே பிரிக்கச் சொல்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த முடிச்சு இப்போது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றியபடி, கீழே பேசுகிற போன்களையெல்லாம் ஒட்டுக் கேட்டது.

கணவருக்கு வாயில் எதுவும் தங்காது. விஷயம் செயற்கைக்கோள் அலுவலகத்துக்குப் போய், ஒரு அதிகாரி வந்து அவள் சொன்னதை வலை பிடித்த பதிவுகளோடு ஒத்துப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. அன்றுமுதல் வாரம் இருமுறை வந்தார். அவள் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டார். நோட்டில் ஏறிய குரல்களில் சில மறுபடி விரலுக்கு வந்ததேயில்லை.

இரண்டாம் வருஷம் விரலில் மகன் பேசினான். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருஷமான மகன். பழைய டயர் கிடைக்குமா என்று யாரையோ கேட்டான். குரல் தடித்திருந்தது.

"இப்ப யாரும்மா?" என்றார் அதிகாரி.

"யாரோ டயர் வாங்க வந்தவரு," என்றாள்.

கணவரிடமும் சொல்லவில்லை. வலை கேட்கும், பேசாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். இரண்டொரு தடவை விரலை வாயருகே வைத்து அவன் பேரைச் சொல்லிப் பார்த்தாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமானது, பெண் பிறந்தாள், பல் முளைத்தது. எல்லாம் பாத்திரம் கழுவும்போதே கேட்டாள்.

ஏழாம் வருஷம் கணவர் இறந்தார். மகனுக்குச் சொல்ல அவன் நம்பர் வேண்டும். அது அதிகாரியிடம்தான் கிடைக்கும். அவள் கேட்கவில்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வராததால் எழுந்து துணி காயப்போட்டாள். நாலு மாதம் கழித்து மகனின் பழைய சிநேகிதன் அவனுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னான். அதையும் விரலில் கேட்டாள். பிறகு வீட்டு போன் அடித்தது.

"அம்மா, நான்தான்," என்றான் காதில். கால் நொடி கழித்து விரலிலும் அதையே சொன்னான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"கேட்டுது."

காலையிலேயே விட்டுவிட்டது, கஞ்சி குடித்தாள் என்றான்.

அந்த வாரம் வந்த அதிகாரி மகனைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தெரியாமல் இருந்திருக்காது. பேனாவைத் திறக்காமலே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது மகன் வாரம் ஒருமுறை பேசுகிறான். போனை எடுக்குமுன், விரலின் சத்தம் அமுங்க, இடது கையை ஈரத்துணியில் சுற்றிக்கொள்கிறாள். ஒரே பேச்சை இரண்டு தடவை கேட்டால் அவளுக்குத் தலை வலிக்கிறது.