மூன்றாவது வரிசையில் ஒரு திருடன்

இருபது பேர் முன்னிலையில் அந்தத் திருட்டு நடந்தது. இருபது பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு. பத்தொன்பது பேர். இருபதாவது ஆளான லூர்துசெல்வி, முத்தியால்பேட்டையில் தன் வீட்டு முன்னறையில், லேப்டாப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கண்ணை மட்டும் ஒரு நெல்மணி அளவுக்குத் திறந்து வைத்திருந்தாள்.

அவள் பார்க்க நினைத்தது திருடனை அல்ல. திரையில் இரண்டாவது வரிசை, முதல் கட்டம். அங்கே, பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரத்தில், ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள் அவள் ஒரே மகள் மெரின். இந்த மௌன விரதத்துக்கே மூல காரணம் அவள்தான்.

பத்து நாளைக்கு முன்னால் வீடியோ காலில் நடந்த பேச்சு இது.

"டெலிவரிக்கு நான் வரேன்டி. டிக்கெட் போடு."

"நீ வந்தா நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா நீ பேசுவியே."

"பேசாம? என்னை இன்னா ஊமையாவா பெத்தாங்க?"

"போன வருஷம் மூணு வாரம் இருந்துட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? நீ கெளம்பின மறுநாள் கீழ் வீட்டு மதாம் மேல வந்து, 'உங்க ரேடியோ ரிப்பேர் ஆயிடுச்சா'ன்னு கேட்டாங்க. எனக்கு இப்ப பிரஷர் வேற இருக்கு. வீடு அமைதியா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தைய வரச் சொல்லலாம்னு நிலவன் சொல்றாரு."

அத்தை என்றால் மெரினுடைய புருஷன் நிலவனின் அம்மா, கலைவாணி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதிலும் இரண்டு 'ம்'.

லூர்துசெல்வி போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தாள். பெற்ற மகளின் முதல் பிரசவம். அதற்குச் சம்பந்தியம்மா போவாராம், இவள் இங்கே உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளை முகம் பார்ப்பாளாம்.

"நான் பேசாம இருக்க மாட்டேன்னா நெனைக்கிற?"

"இருப்பியா? சரி. ஆன்லைன்ல ஒரு மௌன தியானம் வருது. மூணு நாள். நானும் சேர்றேன். நீயும் சேரு. மூணு நாள் ஒரு வார்த்தை பேசலன்னா டிக்கெட் உனக்கு. பேசிட்டா அத்தைக்கு."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த லூர்துசெல்வியின் புருஷன் பிரான்சுவா, மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேப்பரை இறக்கினார். "மெரின், மூணு நாள் போதுமாம்மா? ஒரு வாரக் கோர்ஸ் எதுவும் இல்லியா?"

மாதா கோயில் திருவிழாவில் கரண்ட் போனால், மைக் இல்லாமலே ஜெபமாலை சொல்லி மூன்று தெருவைப் பதில் சொல்ல வைக்கும் தொண்டை லூர்துசெல்வியுடையது. அந்தத் தொண்டைக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டியவர் கிருஷ்ணசாமி. கோரிமேட்டுப் பக்கம் இருந்துகொண்டு இந்த வகுப்பை நடத்துகிறவர். "பேச்சு கூடாது, எழுத்து கூடாது, சைகை கூடாது. மைக்கை எல்லாம் நானே பூட்டிடுவேன். கேமரா மட்டும் திறந்திருக்கும். மூச்சைக் கவனிங்க" என்றார். அவ்வளவுதான். உலகமே ஊமையாகிவிட்டது.

முதல் நாள் மத்தியானம் பிரான்சுவா செவுள் வெளுத்த பழைய சங்கரா மீனை வாங்கிவந்து, "சூப்பரா கெடச்சுது செல்வி" என்று அவள் மூக்குக்கு நேராகக் காட்டினார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பேசவில்லை. இரண்டாம் நாள் அவர் நண்பருக்குப் போன் போட்டு, "முப்பது வருஷத்துல மொத தடவையா நியூஸை முழுசா கேட்டேன்பா" என்றார், அவள் காதுபட. பேசவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கடைசி அமர்வு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, அசையாமல் மூன்று மணி நேரம். "இதுதான் கஷ்டமானது. வீட்டுல இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. ஊசி விழுற சத்தம்கூடக் கேட்கக் கூடாது" என்று முந்தின நாளே எச்சரித்திருந்தார் கிருஷ்ணசாமி.

பதினொன்றரைக்கு மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, லூர்துசெல்வியின் கண் வழக்கம்போல மூன்றாவது வரிசை நான்காவது கட்டத்துக்கு இறங்கியது.

கட்டத்தின் அடியில் பெயர் இருந்தது: சுடர்விழி. முப்பது வயது இருக்கும். அளவுகோல் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் கனமான ஒரு சங்கிலி. பின்னால் வாசற்படி தாண்டி அடுப்பங்கரை தெரியும். ஜன்னல் வழியே முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் பாதியும், பேக்கரியின் நீலத் தகரக் கூரையும் தெரியும். நம்ம பேட்டைதான், பேக்கரிச் சந்தில் இரண்டாவது வீடு என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள் லூர்துசெல்வி. இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து அந்த வீட்டுச் சாமான் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

அதனால்தான் உடனே தெரிந்தது. சுவரில் ஆணி இருந்தது. கடிகாரம் இல்லை.

பத்து மணிக்கு இருந்ததே? கண்ணைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். அடுப்பு மேடையில் இருந்த பிரஷர் குக்கரும் இல்லை.

மூச்சைக் கவனி என்றார்கள். அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அவன் வந்தான்.

கழுத்திலிருந்து மூக்கு வரை துண்டைச் சுற்றியிருந்தான். கண் மட்டும் வெளியே. மடித்துக் கட்டிய லுங்கி. செருப்பு காலில் இல்லை, கக்கத்தில். சுடர்விழியின் முதுகுக்குப் பின்னால், அப்பளத்தின் மேல் நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து வந்தான். ஜன்னலோரம் தொங்கிய லவ் பேர்ட்ஸ் கூண்டை இரண்டு கையாலும் கழற்றி, மேலே ஒரு போர்வையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான்.

குருவியைக்கூடவா விட்டு வைக்க மாட்டான், பாவி.

லூர்துசெல்வி திரையைச் சுற்றிப் பார்த்தாள். கிருஷ்ணசாமி கண்ணை மூடியிருந்தார். மெரின் மூடியிருந்தாள். சுடர்விழி உதட்டில் லேசான புன்னகையோடு மூடியிருந்தாள். மைக் பூட்டியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்தால் துலூஸ். இப்போது வாயைத் திறந்தால் சம்பந்தியம்மா.

குக்கர் போனால் வேறு குக்கர். குருவி போனால் வேறு குருவி. மாதாவே, நீயே பார்த்துக்கோ என்று இறுக்கிக் கண்ணை மூடினாள்.

இருபது நிமிஷம்தான் தாங்கியது. மறுபடி திறந்தாள்.

அவன் சுடர்விழிக்கு நேர் பின்னால் நின்றிருந்தான். வலது கை மெல்ல, மிக மெல்ல, அவள் கழுத்தை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. சங்கிலிக்கும் அந்த விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி.

லூர்துசெல்வி எழுந்தாள்.

வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த பிரான்சுவாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பேசவில்லை, இன்னும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. துண்டால் முகத்தை மூடிக் காட்டினாள். பூனை நடை நடந்தாள். கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கழுத்துப் புடிச்சிக்கிச்சா? நான் அப்பவே சொன்னேன், இவ்ளோ நேரம் உக்காராதன்னு. தைலம் எடுத்தாரவா?"

தலையில் அடித்துக்கொண்டாள். எதையோ தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் காட்டினாள்.

"சிலிண்டர் வந்திருக்கா?"

இனி இந்த மனுஷனை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மூலையில் சாத்தியிருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டாள். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"இன்னாக்கா, ஒட்டடைக் குச்சியோட எங்க?" என்றான் இஸ்திரி வண்டி சிலம்பரசன். பதில் இல்லை. "செல்விக்கா, இன்னா ஆச்சு?" என்றாள் மளிகைக் கடை பாரதி. அதற்கும் பதில் இல்லை.

பாரதி கடையை விட்டு இறங்கினாள். "செல்விக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லாம போவுதுன்னா என்னமோ பெருசா நடந்துபோச்சுடா. வா."

பேக்கரிச் சந்து திரும்புவதற்குள் லூர்துசெல்வியின் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். கடைசியில் தைல பாட்டிலோடு பிரான்சுவாவின் ஸ்கூட்டர்.

இரண்டாவது வீட்டின் கேட், கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் அங்குலம் அங்குலமாகத் திறந்தது. துண்டு கட்டிய முகம் வெளியே வந்தது. பிறகு லுங்கி. பிறகு, குழந்தையைப்போல் மார்போடு அணைத்த ஒரு மிக்ஸி.

அவன் கூட்டத்தைப் பார்த்தான். ஒட்டடைக் குச்சியைப் பார்த்தான். பயப்படவில்லை. விரலைத் துண்டின் மேல் உதடு இருந்த இடத்தில் வைத்து,

"உஷ்" என்றான்.

மூன்று நாள். வெளுத்த செவுளைத் தாங்கினாள், புருஷனின் கிண்டலைத் தாங்கினாள். ஒரு திருடன் வந்து வாயை மூடச் சொல்வதைத் தாங்க முடியவில்லை.

"திருடன்!"

மணிக்கூண்டிலிருந்து புறா அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. பேக்கரிக்குள் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். சிலம்பரசன் பாய்ந்து ஆளைப் பிடித்தான். பிடிபட்டவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். தெருவே அதிர ஒரு தும்மல் போட்டான். அதன் பின்னாலேயே நாலு.

அவள் அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. உள்ளே ஓடினாள். அந்தப் பெண்ணை என்ன செய்து வைத்திருக்கிறானோ.

சுடர்விழி அதே பாயில், அதே நிமிர்வோடு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

"ஒண்ணும் ஆவலியேம்மா? கழுத்தைத் திருப்பிக் காட்டு."

"நீங்க... நாலாவது வரிசை அக்காதான?"

"ஆமா. நான் வந்துட்டேன், பயப்படாத. ஆளைப் புடிச்சாச்சு."

சிலம்பரசன் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். துண்டு அவிழ்ந்திருந்தது. சுடர்விழி நெற்றியில் கை வைத்தாள்.

"அய்யோ, அக்கா. அது என் வீட்டுக்காரரு. விஜயராகவன்."

வீடு அமைதியாயிற்று. இந்த மூன்று நாளில் வாய்த்த நிஜமான மௌனம் அதுதான்.

"ஊசி விழக் கூடாதுன்னு சொன்னாங்களேக்கா" என்றார் விஜயராகவன், மிக்ஸியை இறக்கி வைக்காமலே. "கடிகாரம் கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். குருவி கத்தும். குக்கர் விசிலடிக்கும். அதான் ஒண்ணொண்ணா பின்வீட்டுக்குக் கொண்டு போனேன். சட்னிக்கு அரைக்கணும்னு கடைசியா இதை எடுத்தேன்."

"மூஞ்சில துண்டு?"

"எனக்குத் தூசி ஒத்துக்காது. தும்மல் வந்துட்டா?"

"கழுத்துக்கிட்ட கையைக் கொண்டு போனீங்களே, அது?"

விஜயராகவன் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "கொசு. ரீங்காரம் போட்டுது. கையைத் தட்டாமலே புடிச்சிட்டேன்."

முதலில் சிரித்தது பாரதி. பிறகு சிலம்பரசன். அதற்குப் பிறகு கேட்ட சிரிப்பு அறைக்குள் இருந்த யாருடையதும் இல்லை. லூர்துசெல்வி திரும்பினாள். பாய்க்கு எதிரே சுடர்விழியின் லேப்டாப். அத்தனை கட்டத்திலும் கண்கள் திறந்திருந்தன. நடுவில் கண்ணைத் திறந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்ட கிருஷ்ணசாமி, எல்லார் மைக்கையும் திறந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது வரிசையில் அவளுடைய சொந்தக் கட்டத்தில் ஒரு காலித் தலையணை. மூன்றாவது வரிசையில், ஒட்டடைக் குச்சியோடு அவள்.

இரண்டாவது வரிசையில் மெரின், வாயைப் பொத்திக்கொண்டு.

தோற்றாயிற்று. ஒரு வார்த்தையா பேசினாள்? ஊரையே கூட்டிவிட்டாள்.

"மெரின்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாகச் சின்னதாக வந்தது. "சம்பந்தியம்மாவையே வரச் சொல்லுடி. நல்ல பொம்பளை. குழம்புல மட்டும் உப்பு அதிகமா போடுவாங்க, உனக்கு பிரஷர், சொல்லி வை."

மெரின் கையை எடுத்தாள். "அம்மா, நீ எப்பலேருந்து கண்ணைத் தொறந்துட்டிருந்த?"

"மொத நாள்லேருந்து."

"மூணு நாளுமா?"

"திருடனை யாருடி பார்த்தா. உன்னைத்தான் பார்த்தேன். நேத்து மத்தியானத்துலேருந்து இடது பக்கமே சாஞ்சி உக்கார்ற. எழுந்திருக்கறப்ப சுவத்தைப் புடிக்கிற. கால் வீங்கியிருக்கா?"

மெரின் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "இருக்கும்மா. நிலவன்கிட்டகூடச் சொல்லல."

"இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லு. தலையணையைக் காலுக்கு வை, முதுகுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். தண்ணி..."

"அம்மா. நிறுத்து." மெரின் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வலி வர்றப்ப கண்ணை மூடி உக்கார்ற ஆளு வேணாம். உனக்கே டிக்கெட் போடறேன். கீழ் வீட்டு மதாமுக்குக் காதுல வைக்கப் பஞ்சு வாங்கிக் குடுத்துடறேன்."

வாசலில் பிரான்சுவாவின் குரல்: "இன்னா ஆச்சு? கழுத்துக்குத் தைலம் தேவையா, வேணாமா?"

கிருஷ்ணசாமி தொண்டையைச் செருமினார். "பத்து நிமிஷம் பாக்கி இருக்கு. தொடங்கினதை முடிச்சிடுவோம். எங்க இருக்கீங்களோ அங்கயே உக்காருங்க. கண்ணை மூடுங்க."

உட்கார்ந்தார்கள். சுடர்விழி பக்கத்தில் லூர்துசெல்வி, அவளுக்குப் பின்னால் பாரதி, சிலம்பரசன், தைல பாட்டிலோடு பிரான்சுவா, மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு விஜயராகவன். மூன்றாவது வரிசை நான்காவது கட்டம் நிரம்பி வழிந்தது.

ஒரு நிமிஷம் போயிற்று. லூர்துசெல்வி இடது கண்ணை நெல்மணி அளவுக்குத் திறந்தாள்.

இரண்டாவது வரிசை முதல் கட்டத்திலும் ஒரு கண் திறந்திருந்தது.